வாசலில் நிற்கிறான் 100 கிலோ எமன்! தாம்பரம் வட்டாரத்தில் ஆட்டம் காணும் இரும்பு கேட்டுகள்

தாம்பரம்,—

சாயங்காலம் 4 மணி. பள்ளிக்கூட வேன் தெருமுனையில் நிற்கிறது. பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஓடி வருகிற பிள்ளை முதலில் தொடுவது அம்மாவை அல்ல. வாசல் கேட்டைத்தான்!

"நான் சாத்துறேன்... நான்தான் சாத்துவேன்!" என்று அடம் பிடிக்காத பிள்ளை எந்தத் தெருவில் இருக்கிறது?

2025-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் நங்கநல்லூரில் வாசல் கேட்டே ஒரு பிள்ளைக்கு எமனாக வந்தது. 7 வயதுச் சிறுமி. வீட்டு இரும்பு கேட் சரிந்து அவள் மேல் விழுந்தது. பரிதாபமாக இறந்து போனாள்.

தாம்பரத்தில் மின்சார ரெயில் ஏறினால் 6-வது ஸ்டேஷன் பழவந்தாங்கல். அங்கே இறங்கினால் நங்கநல்லூர். அவ்வளவு பக்கத்தில் நடந்த சாவு இது. "ஐயோ, பாவமே" என்று உச்சுக் கொட்டினார்கள் எல்லோரும். எழுந்து போய்த் தங்கள் வீட்டு கேட்டை ஒரு தடவை அசைத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

எடை எவ்வளவு தெரியுமா?

சேலையூர், மாடம்பாக்கம், சிட்லபாக்கம், பெருங்களத்தூர் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் தள்ளு கேட்டுகள்தான். காரணம் இருக்கிறது. அரை கிரவுண்டு, முக்கால் கிரவுண்டு மனை. உள்ளே ஒரு கார், இரண்டு பைக். கீலில் திறக்கிற கேட்டை உள்பக்கம் திறந்தால் கார் இடிக்கும். வெளிப்பக்கம் திறந்தால் தெரு அடைபடும். அதனால் பக்கவாட்டில் தள்ளு!

10 அடி அகலம், 5 அடி உயரம், 2 மில்லிமீட்டர் தகடு என்று வைத்துக்கொள்ளுங்கள். தகடு மட்டுமே 70 கிலோவுக்கு மேல் வரும். சட்டம், குறுக்குக் கம்பி, பூ வேலை எல்லாம் சேர்ந்தால் 100 கிலோவைச் சுலபமாகத் தாண்டிவிடும். நான்கு 25 கிலோ அரிசி மூட்டைகள் சேர்ந்தாற்போல் மேலே விழுந்தால் 7 வயதுப் பிள்ளை என்ன ஆகும்?

இத்தனை எடையும் நிற்பது கீழே இரண்டே சக்கரத்தில். சக்கரம் ஓடத் தரையில் ஒரு தண்டவாளம். சக்கரம் எடையைத் தாங்கும், ஆனால் கேட்டை நிமிர்த்தி வைக்காது. நிமிர்த்தி வைப்பது மேலே தூணில் இருக்கிற கைடு ரோலர். கேட் அளவுக்கு மேல் ஓடாமல் தடுப்பது கடைசியில் இருக்கிற ஸ்டாப்பர், அதாவது பற்றவைத்த ஒரு சின்ன இரும்புத் துண்டு.

அந்தத் துண்டு துருப்பிடித்து விழுந்து போயிருக்கும். வீட்டுக்காரருக்கு அது தெரியாது. ஒரு நாள் யாரோ வேகமாகத் தள்ளுவார்கள். கேட் ரோலரை விட்டு வெளியே ஓடிவிடும். பிறகு அதைப் பிடித்து நிறுத்த எதுவுமே இல்லை. தள்ளியவர் பக்கமே சாய்ந்தாலும் சாயும்.

ரோடு ஏறியது, கேட் கெட்டது!

புறநகர் வீடுகளில் இன்னொரு வில்லங்கம் உண்டு. பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டார்கள். வீடு பள்ளமானது. இப்படிப் போடக்கூடாது, சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போடவேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவு போட்டார். ஆனால் அதற்கு முன்பே பள்ளமாகிப் போன வாசல்கள் ஏராளம்.

வாசல் பள்ளமானால் மழைத் தண்ணீர் முதலில் வந்து தங்குவது கேட்டின் அடியில்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகள் எப்படி மூழ்கிக் கிடந்தன என்பதை யாரும் மறந்திருக்க முடியாது. தண்ணீர் வடிந்ததும் பிரிட்ஜைப் பார்த்தார்கள், பீரோவைப் பார்த்தார்கள். கேட் சக்கரத்தை யார் பார்த்தார்கள்? சேறு புகுந்த பேரிங் துருப்பிடித்து இறுகிவிடும். உருளவேண்டிய சக்கரம் உரசிக்கொண்டு போகும். "கேட்டு டைட்டா இருக்கு" என்று தோள் கொடுத்துத் தள்ளுவார்கள். அந்த முரட்டுத் தள்ளலில்தான் ஸ்டாப்பர் தெறிக்கிறது.

கேட் இடிக்கிறது என்று அடிப்பக்கத்தை அறுத்து, சக்கரத்தை மேலே ஏற்றிப் பற்றவைத்த வீடுகளும் உண்டு. கேட் இறங்கினால் மேல் விளிம்பும் இறங்குமே! ரோலருக்குள் முன்பு இருந்த பிடிப்பு இப்போதும் இருக்கிறதா என்று பார்க்கவேண்டாமா?

கையால் ஒரு சோதனை

இதற்கு என்ஜினீயர் வேண்டாம். பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு இரண்டு பெரியவர்கள் போதும். ஒருவர் கேட்டின் ஓரத்தில் நின்று மெதுவாகக் கடைசி வரை தள்ளட்டும். கேட்டின் முகத்துக்கு எதிரில் யாரும் நிற்கக் கூடாது. திறக்கும்போதும் சரி, மூடும்போதும் சரி, கேட் எந்த நிலையிலும் ரோலரை விட்டு வெளியே வரக்கூடாது. ஸ்டாப்பரில் "டங்" என்று மோதி நிற்கவேண்டும். மேலே ஒன்று, கீழே ஒன்று ஸ்டாப்பர் இருந்தால் ரொம்ப நல்லது.

பிறகு மேல் விளிம்பை இரு பக்கமும் லேசாக அசைத்துப் பாருங்கள். லொடலொட என்று ஆடினால் ரோலர் தேய்ந்திருக்கிறது, அல்லது போல்ட் கழன்றிருக்கிறது. ரோலர் நிற்கிற தூணில் விரிசல் இருந்தால் போல்ட்டை முறுக்கிப் பயன் இல்லை. கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

ஒரு கையால் தள்ளினால் கேட் ஓடவேண்டும். இரண்டு கையும் தோளும் வேண்டியிருந்தால் அன்றைக்கே வெல்டரைக் கூப்பிடவேண்டும். "இன்னும் நாலு மாசம் ஓடும் சார்" என்பார் யாராவது. ஓடும். எந்தப் பக்கம் ஓடும் என்பதுதான் கேள்வி!

கடைகளிலும் கார் ஷெட்டுகளிலும் இருக்கிற ஸ்பிரிங் ஷட்டரை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி மெதுவாகக் கையைத் தளர்த்திப் பாருங்கள். நின்றால் சரி. சறுக்கிக்கொண்டு இறங்கினால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. இதை மட்டும் சொந்தமாகப் பிரிக்காதீர்கள். முறுக்கேறிய ஸ்பிரிங் விட்டு அடித்தால் கை போய்விடும்.

மோட்டார் மறைக்கும் ஆபத்து

இப்போது ரிமோட் கேட் பரவி வருகிறது. பட்டனை அமுக்கினால் திறக்கிறது. இதில் ஒரு சூது இருக்கிறது. சக்கரம் கெட்டால் கைக்குத் தெரியும், மோட்டாருக்குத் தெரியாது. இழுத்துக்கொண்டே போகும்! அதனால் மாதம் ஒரு முறை சாவி போட்டு மோட்டாரைக் கழற்றிவிட்டு, கையால் தள்ளிப் பார்க்கவேண்டும்.

கேட் மூடும்போது வழியில் இருக்கிற சென்சார் கண்ணுக்குக் குறுக்கே ஒரு துடைப்பக் குச்சியை நீட்டுங்கள். கேட் உடனே நிற்கவேண்டும், அல்லது பின்னால் போகவேண்டும். மேலிருந்து இறங்குகிற மோட்டார் கதவு என்றால் தரையில் ஒன்றரை அங்குல மரக்கட்டையைப் படுக்க வையுங்கள். கட்டையைத் தொட்ட 2 விநாடிக்குள் கதவு மேலே திரும்பவேண்டும். திரும்பாவிட்டால் மோட்டார் இணைப்பைப் பிடுங்கிவிட்டு மெக்கானிக்குக்குப் போன் போடுங்கள். சென்சார் கண்ணே இல்லாத மோட்டார் என்றால் அதைப் பொருத்தும் வரை பிள்ளைகள் கையில் ரிமோட் போகக்கூடாது.

அமெரிக்காவில் கார் ஷெட் கதவுக்கு அடியில் சிக்கிப் பல பிள்ளைகள் செத்த பிறகுதான் சட்டம் வந்தது. 1993 ஜனவரி முதல் அங்கே தயாராகும் வீட்டு மோட்டார்களுக்கு இந்தப் பாதுகாப்பு கட்டாயம். பிரிட்டனில் 2010-ல் ஒரே வாரத்துக்குள் மின்சார கேட்டில் நசுங்கி இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். ஒருத்திக்கு 6 வயது, இன்னொருத்திக்கு 5.

நம் ஊரில் லிப்டுக்கு 1997-ம் ஆண்டு சட்டம் இருக்கிறது, லைசென்ஸ் இருக்கிறது. கேட்டுக்கு அந்த மாதிரி லைசென்ஸ் கிடையாது. ஆனால் ஆள் செத்தால் வழக்கு உண்டு. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவின்படி, அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் 5 ஆண்டு வரை ஜெயில்!

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். கேட் சாய ஆரம்பித்தால் அதைத் தாங்கிப் பிடிக்கப் போகக்கூடாது. கை தானாகவே நீளும். ஆனால் 100 கிலோவைப் பிடிக்க முடியாது. பக்கவாட்டில் விலகி ஓடவேண்டும். கேட்டில் தொற்றிக்கொண்டு "ரெயில் ஓட்டுகிற" பிள்ளைகளை முதுகில் இரண்டு போட்டாலும் தப்பில்லை.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இது யார் வேலை? செயலாளரைக் கேட்டால் பில்டர் என்பார். பில்டர் எப்போதோ சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். "அடுத்த மீட்டிங்ல பேசலாம் சார்" என்று முடியும். பதிலாக வாட்ச்மேனைக் கேளுங்கள். ஒரு நாளைக்கு 50 தடவை திறந்து மூடுகிற மனிதர் அவர். கேட் எந்த இடத்தில் இடிக்கிறது, எந்த இடத்தில் ஆடுகிறது என்பதை அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார்.