கிட்டப்பாவின் சுருதியும் இசைத்தட்டின் வேகமும்

சங்ககிரி, திருச்செங்கோடு, ஈரோடு வட்டாரத்துக் கோயில் விழாக்களில் ஒலிபெருக்கி வழியே கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளின் குரல் ஒலிப்பது இன்றும் வழக்கம். காவிரிக் கரையில் 1908-இல் பிறந்த அவரும், செங்கோட்டையில் 1906-இல் பிறந்து 1933-இல் 27 வயதிலேயே மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பாவும் நாடக மேடையில் இணைந்து பாடியவர்கள். ஒலிவாங்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைவரை கேட்கவேண்டுமாயின் உச்சச் சுருதியில்தான் பாடியாக வேண்டும். அந்தச் சுருதியின் புகழ் இன்றும் மங்கவில்லை. அதற்குச் சான்றாக நம்மிடம் எஞ்சியிருப்பவை சில இசைத்தட்டுகளே. அந்தச் சான்றை அப்படியே நம்பலாமா என்பதுதான் கேள்வி.

நமது பாடகர்கள் சுருதியைக் 'கட்டை' கொண்டு அளக்கிறார்கள். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகள் முழு எண்கள். இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் 'அரை'கள். (மூன்றுக்கும் நான்குக்கும் இடையே கறுப்புக் கட்டை கிடையாது, ஆகவே மூன்றரைக் கட்டை என்று யாரும் சொல்வதில்லை.) ஆண் பாடகர்கள் இன்று பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கட்டைக்குள் பாடுகிறார்கள். கிட்டப்பாவோ அதற்கு வெகு மேலே நின்றவர் என்பது அவரைக் கேட்டவர்களின் ஒருமித்த சாட்சியம்.

இசைத்தட்டில் சுருதியும் காலப்பிரமாணமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. தட்டு வேகமாகச் சுழன்றால் பாட்டு விரைவதோடு சுருதியும் ஏறும். நிமிஷத்துக்கு 78 சுற்று என்பது பின்னாளில் நிலைபெற்ற வழக்கமே. தொடக்க காலத் தட்டுகள் 70 சுற்று முதல் 80-க்கு மேல்வரை பலவாறாகப் பதிவாயின. 74 சுற்றில் பதிவான ஒன்றை 78-இல் ஓட்டினால் 200 விநாடிப் பாட்டு 190 விநாடியில் முடிந்துவிடும். சுருதி ஏறத்தாழ அரைக் கட்டை உயரும். 1925-க்குப் பின் மின்முறை ஒலிப்பதிவு பரவியபோது பதிவு வேகம் சீரடைந்தது. ஆனால், அந்தத் தட்டை நாடாவுக்கும் பின்னர் கணினிக்கும் மாற்றியவர்களின் கருவிகள் எந்த வேகத்தில் ஓடின என்பதற்குப் பெரும்பாலும் எந்தக் குறிப்பும் கிடையாது. ஒரே பாடலின் இரு பிரதிகள் இணையத்தில் இரு சுருதிகளில் கிடைப்பது இதனால்தான்.

ஐரோப்பியருக்கும் இச்சிக்கல் உண்டு. ஆனால் வேறு வடிவில். 17, 18-ஆம் நூற்றாண்டுகளின் பரோக் இசைக்குச் சுருதி ஊருக்கு ஊர் மாறியது. ஒரே ஊரில்கூடத் தேவாலய ஆர்கன் ஒரு சுருதியிலும் மற்றக் கருவிகள் வேறொன்றிலும் இருந்தன. பழைய முறைப்படி பாடுவோர் இன்று பெரும்பாலும் 415 ஹெர்ட்ஸை அடிப்படையாகக் கொள்கிறார்கள்; இது நவீன அளவான 440-ஐவிட ஏறக்குறைய அரைக் கட்டை குறைவு. அந்தச் சிறு இறக்கத்திலேயே உச்ச ஸ்வரங்களில் குரலின் இறுக்கம் தளர்ந்து பாட்டின் முகமே மாறுகிறது. எனினும், அவர்களிடம் எழுதிவைத்த ஸ்வரப் பிரதி உண்டு. பழைய தட்டின் வேகம் ஐயத்துக்குரியதானால், பாடல் எந்தச் சுருதியில் எழுதப்பட்டது என்று பார்த்து வேகத்தைத் திருத்திக்கொள்ளலாம். நம் மரபில் சுருதி பாடுபவரின் தொண்டையைப் பொறுத்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஏடு ஏதும் கிடையாது.

நமக்கு உதவக்கூடியது, கர்நாடக மேடை பிற்பாடு இளக்காரமாகப் பார்த்த ஆர்மோனியம்தான். வயலினையும் மிருதங்கத்தையும் எந்தச் சுருதிக்கும் கூட்டிக்கொள்ளலாம். ஆர்மோனியத்தின் நாக்குகள் அசையா. ஆகவே நாடகப் பாடலின் ஆதார ஷட்ஜம் ஏதேனும் ஒரு கட்டையின் மீது விழவேண்டும். இரு கட்டைகளுக்கு நடுவே தொங்கினால் வேகம் பிழை. அக்கால ஆர்மோனியங்கள் எல்லாம் ஒரே அளவில் இல்லை என்பதால் இது முடிவான தீர்ப்பன்று. மின்முறைப் பதிவுகளில் சில வேளைகளில் மெலிதாகக் கேட்கும் மின்னோட்ட இரைச்சல், சகரத்தின் சீறல் ஆகியவற்றையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

அரைக் கட்டைக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று கேட்கலாம். ராகத்தின் உயிர் கமகத்தில் இருக்கிறது. முகாரியிலும் சஹானாவிலும் ஸ்வரம் அசையும் நிதானமே அவற்றின் உருக்கம். வேகம் கூடினால் அந்த அசைவு நடுக்கமாகிறது. சோகம் பதற்றமாகக் கேட்கிறது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிஷமே ஓடும் என்பதால் பாடகர்கள் ஏற்கெனவே விரைந்து பாடினார்கள். அதன்மேல் கருவியின் பிழையும் ஏறும்போது, 'பழையவர்கள் துரிதமாகப் பாடியவர்கள்' என்ற முடிவுக்கு வருகிறோம். தட்டைக் கேட்டே பாடம் செய்யும் இளம் பாடகர் அந்தப் பிழையையும் சேர்த்துப் பயில்கிறார்.

கோயம்புத்தூர் தாயியின் இசைத்தட்டு பிரெஞ்சு இசையமைப்பாளர் மாரிஸ் தெலாஜை ஈர்த்தது. அதன் அடிப்படையில் அவர் 'ராகமாலிகா' என்ற படைப்பை இயற்றினார். பியானோ நரம்பின் அடியில் அட்டையைச் செருகி நமது தாளக் கருவியின் ஒலியைக் கொண்டுவர முயன்றார். அத்தனை நுட்பமாகக் கேட்ட காதுக்கும் தாயியின் சுருதியாகத் தெரிந்தது, அவருடைய கிராமபோன் காட்டிய சுருதியே.

இன்றைய மென்பொருள் புதிய ஆபத்து ஒன்றையும் சேர்த்திருக்கிறது. வேகத்தை மாற்றாமலே சுருதியை மட்டும் இறக்க அதனால் முடியும். தட்டின் பிழையோ இரண்டையும் சேர்த்தே பாதித்தது. ஒன்றை மட்டும் 'திருத்தினால்' கிடைப்பது கிட்டப்பா எக்காலத்திலும் பாடாத மூன்றாவது பாட்டு.

என் கணிப்பில், கிட்டப்பாவின் தட்டுகளில் அரைக் கட்டையைக் கழித்தாலும் அவர் பெருமை குறையாது. பழைய தட்டுகளைப் பதிவேற்றும் ஆர்வலர்கள் தட்டின் எண், ஓட்டிய வேகம், செய்த திருத்தம் ஆகிய மூன்றையும் பாடலின் கீழ் எழுதலாம். திருத்தாத மூலப் பிரதியையும் அழிக்காமல் வைத்திருக்கலாம். இரண்டுக்கும் செலவு ஏதுமில்லை.