புள்ளலூர் ஈயம்

காஞ்சிபுரத்துக்கு வடக்கே, வயல்களுக்கு நடுவில் இருக்கிறது புள்ளலூர். அங்கே இரண்டு கூம்புத் தூண்கள் நிற்கின்றன. 1781 ஆகஸ்டில் அந்த மண்ணில் நடந்த போரில் செத்த ஜேம்ஸ் ஹிஸ்லப், ஜார்ஜ் பிரவுன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளின் நினைவாக எழுப்பியவை. பட்டு எடுக்கவும் பெருமாளைச் சேவிக்கவும் வருகிறவர்கள் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. அதற்கு முந்தைய வருஷம், 1780 செப்டம்பர் 10 அன்று, மைசூரின் ஹைதர் அலியும் அவர் மகன் திப்புவும் கம்பெனியின் கர்னல் பெய்லி படையை இங்கேதான் வளைத்து நொறுக்கினார்கள். வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்ததோடு பெய்லி படையின் கதை முடிந்தது. பக்சாரில் வென்ற கம்பெனித் தளபதி ஹெக்டர் மன்றோ அப்போது காஞ்சியில்தான் இருந்தார். சேதி தெரிந்ததும் கனத்த பீரங்கிகளை ஊர்க் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுப் பக்கம் பின்வாங்கினார்.

குளத்தில் போன பீரங்கி போனதுதான். துப்பாக்கிக் குண்டின் சங்கதி வேறு. சுட்ட குண்டு நசுங்கும், மண்ணில் புதையும். ஆனால் பொறுக்கி எடுத்து உருக்கினால் மறுபடி குண்டு. காரீயம் 327 டிகிரியில் இளகிவிடும், விறகடுப்பே போதும். 'ஈயத்தைக் காய்ச்சிக் காதில் ஊற்றினாற்போல' என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்வதற்கே, அது அடுப்படியில் உருகும் உலோகம் என்பதுதான் காரணமோ என்று எனக்குத் தோன்றும். (ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். இரண்டையும் குழப்பிக்கொண்டால் உடம்புக்கு ஆகாது.) இடுக்கி போல வாய் திறக்கும் ஓர் அச்சு, ஓர் இரும்புக் கரண்டி, இவ்வளவுதான் தளவாடம். ஊற்றி, ஆறவிட்டு, அச்சைத் திறந்து தட்டினால் உருண்டை விழும். ஒட்டிக்கொண்டிருக்கும் வாலை நறுக்கிவிட வேண்டும். கம்பெனிச் சிப்பாயின் மஸ்கட் குண்டு ஒன்று சுமார் 30 கிராம்.

அன்றைக்கு ஈயம் எந்த உருவத்தில் இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. 1776 ஜூலையில் நியூயார்க்கில் அமெரிக்கப் புரட்சிக்காரர்கள் பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் ஈயச் சிலையை இழுத்துத் தள்ளி, உருக்கி, 42,088 குண்டுகளாக வார்த்தார்கள். ராஜாவையே ராஜாவின் படைமேல் சுட்டார்கள். பிறகு ரிவால்வர் வந்தபோதும் பழக்கம் மாறவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கோல்ட் ரிவால்வரைப் பெட்டியோடு வாங்கியவருக்குக் குண்டு வார்க்கும் அச்சும் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. நம் பக்கத்தில் நரிக்குறவர்களின் நாட்டுத் துப்பாக்கியும் இந்த வம்சம்தான். குழலின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, கோலால் இடித்து, ஈய ரவையைப் போட்டுக் காடை கௌதாரி சுட்டவர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அந்தப் பிழைப்பு ஒடுங்கியது. இன்று பேருந்து நிலையத்தில் பாசிமணியோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

குண்டு வார்க்கும் இந்தப் பழக்கத்தில் மாற்றத்தைக் கொண்டுவந்தது விஞ்ஞானத்தைவிடச் சர்க்கார்தான். வைஸ்ராய் லிட்டன் காலத்து 1878 ஆயுதச் சட்டத்தைப் பாருங்கள்: துப்பாக்கி, தோட்டாவோடு நிற்காமல், வேண்டுமானால் ஈயம், கந்தகம், வெடியுப்பு ஆகியவற்றையும் ராணுவப் பொருளாக அறிவித்துக்கொள்ள அதில் வழி வைத்திருந்தார்கள். அடுப்பில் உருகுவதைக் கண்டு எவ்வளவு பயம்! சுதந்திர இந்தியாவின் 1959 சட்டமும் உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பதைக் குற்றமென்றே வைத்திருக்கிறது.

இப்போது கான்பூர் ஆயுதத் தொழிற்சாலையின் .32 ரிவால்வரை லைசென்ஸில் வைத்திருப்பவர், தோட்டாவை எண்ணி வாங்குகிறார், எண்ணிக் கணக்குக் காட்டுகிறார். தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்கிறார். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தோட்டாவின் தலை இன்றும் ஈயம்தான். ரிவால்வர் குண்டின் வேகம் குறைவு. அதற்குச் செம்பு உறை கட்டாயமில்லை.

அமெரிக்காவில் இன்னும் வீட்டுக் கொட்டகையில் குண்டு வார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். தாத்தா வார்த்து வைத்த பழைய குண்டுகள் டப்பாவில் கிடைத்தால் அவர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் அவற்றில் வெள்ளையாகப் பூத்திருக்கும் பொடி ஈயத்தின் துரு. கையால் தேய்த்து ஊதினால் விஷம் மூச்சோடு உள்ளே போகும். குண்டின்மேல் வழுக்கலுக்குப் பூசிய மெழுகும் காய்ந்திருக்கும், என்ன கலவை என்றும் தெரியாது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் அப்படியே தோட்டாவில் ஏற்றாமல், காற்றோட்டமான இடத்தில் உருக்கி வேறாக வார்க்கிறார்கள். கெட்டியான குண்டுக்கு அவர்கள் தேடுவது பழைய அச்சகத்து ஈய எழுத்துகளை. ஈயத்தோடு வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்தவை. கல்யாணப் பத்திரிகை அடித்த அந்த எழுத்துகளை நாம் காயலான் கடையில் கிலோ கணக்கில் போட்டுவிட்டோம்.

ஈயம் உருகுவது நிற்கவில்லை, பேட்டரிப் பக்கம் போய்விட்டது. காஞ்சிபுரம் மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளிலிருந்து இறங்கும் பெட்ரோல் காரின் பேட்டரியில் கிலோ கணக்கில் ஈயம். ஆயுள் முடிந்தால் அது மறுபடி உலைக்குப் போகிறது, மறுபடி பேட்டரியாகிறது. பெய்லியின் சிப்பாய் கணக்குப் போட்டிருந்தால் ஒரு பேட்டரிக்கு நூற்றுக்கணக்கில் குண்டு தேறும் என்றிருப்பான்.