ஆத்தோட பயோடேட்டா!

நம்ம காவிரியைப் பாருங்க. பிறக்கிறது குடகு மலையில். பக்கத்திலேயே அரபிக் கடல். அதை விட்டுட்டு வங்கக் கடலுக்கு ஏன் இவ்வளவு தூரம் ஓட்டம்? தென்னிந்தியாவே மேற்கே உயர்ந்து, கிழக்கே சாய்ந்து கிடக்கிறது. அதான் மேட்டர்!

எப்போது உயர்ந்தது? ஆறே சொல்லும். நிலம் உயர்ந்தால் ஆற்றுத் தரையில் படிக்கட்டு மாதிரி ஒரு செங்குத்து உண்டாகும். அரிக்க அரிக்க அது மலையை நோக்கி நகரும். (தண்ணீர் இறங்குது, படி ஏறுது... செம காமெடி!) எவ்வளவு தூரம் ஏறியது, என்ன வேகம் என்று தெரிந்தால் வயசைச் சொல்லிவிடலாம்.

2016-ல் கேம்பிரிட்ஜ் குழு ஒன்று இந்தியாவின் 530 ஆறுகளின் சரிவை வைத்து இப்படிப் பின்னோக்கிக் கணக்குப் போட்டது. விடை: சுமார் 2.5 கோடி வருஷமாக இந்தச் சாய்வு வளர்கிறது. அதிகபட்சம் வருஷத்துக்கு 0.1 மில்லிமீட்டர். ஆரம்பம் தெற்கே, நம்ம பக்கம்! 'எல்லாம் மழை செதுக்கியதுதான்' என்பவர்களுக்கு இது சிக்கல். பருவமழை வலுத்ததே 80 லட்சம் வருஷத்துக்கு முன்புதானே?

சாணார்பட்டிப் பக்கம் இருப்பவர்கள் சிறுமலை ஓடைகளில் ட்ரை பண்ணலாம். கூகுள் எர்த்தில் ஓடை நெடுக கோடு இழுத்தால் உயர வரைபடம் ரெடி. ஆனால் கெட்டிப் பாறையும் தடுப்பணையும்கூட படி மாதிரியே தெரிந்து ஏமாற்றும். நேரில் போய்த்தான் பார்க்கணும்.