சவலை: கைக்குழந்தையும் மூத்த குழந்தையும் வாழும் இல்லத்தின் சொல்வழக்கு

ஆய்வுச் சுருக்கம்

கைக்குழந்தையும், பள்ளி செல்லும் வயதை எட்டாத மற்றொரு குழந்தையும் ஒருங்கே வளரும் இல்லத்தில், மூத்த குழந்தையின் நிலை தனிக் கவனத்திற்குரியது. இளைய குழந்தையின் வரவால் மூத்த குழந்தை தாய்ப்பாலையும் தாய்மடியையும் இழக்கிறது. அதே வரவால் ‘அக்கா’ அல்லது ‘அண்ணன்’ என்னும் மூப்புப் பெயரைப் பெறுகிறது. அந்த இழப்பைத் தமிழ் ‘சவலை’ என்னும் சொல்லால் குறித்து வந்துள்ளது. இச்சொல்லின் பொருளையும், பிள்ளைத்தமிழ் மரபில் மூத்த குழந்தை பெறும் இடத்தையும், உடன்பிறப்புப் பெயர்களின் அமைப்பையும் இணைத்து நோக்கி, இச்சொல் இன்றைய குழந்தை நலத்திற்கும் பயன்படத்தக்கது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சவலை, பிள்ளைத்தமிழ், உடன்பிறப்புப் பெயர்கள், பால்குடி மறத்தல், தாலாட்டு, அங்கன்வாடி.

முன்னுரை

தமிழ் இலக்கியம் குழந்தையைப் பல காலமாகப் பாடி வருகிறது. தொல்காப்பியப் புறத்திணையியலில் குழவியைப் பாடுதற்கு இடம் தரப்பட்டுள்ளது. பெரியாழ்வார் கண்ணனின் பிள்ளைமையைப் பருவம் பருவமாகப் பாடினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழைப் பாடினார். பின்னர்க் குமரகுருபரர் உள்ளிட்ட பலர் இவ்வகை நூல்களை இயற்றினர். இந்நூல்களில் பாடப்படும் குழந்தை பெரும்பாலும் ஒன்றே. ஆனால் இல்லங்களில் நிலைமை அவ்வாறன்று. பேச்சுவழக்கில் ‘கையில் ஒன்று, வயிற்றில் ஒன்று’ என்று சுட்டப்படும் தாயின் நிலையே பல குடும்பங்களின் அன்றாட வாழ்க்கையாக இருந்து வந்துள்ளது. இரு குழந்தைகள் வாழும் இல்லத்தை அறிய இலக்கியத்தோடு சொல்வழக்கையும் நாடவேண்டியுள்ளது. அவ்வகையில் முதலில் கருதத்தக்க சொல் ‘சவலை’ ஆகும்.

‘சவலை’ என்னும் சொல்

தாய்ப்பால் போதிய அளவு கிட்டாமல் மெலிந்த குழந்தையைச் ‘சவலைப் பிள்ளை’ என்பர். இவ்வழக்கு கன்றுக்கும் உரியது. தாய் மீண்டும் கருவுற்றதாலோ அடுத்த குழந்தையை ஈன்றதாலோ பால்குடியை இழந்து மெலியும் நிலையே இச்சொல்லின் சிறப்புப் பொருளாகும். இந்நிலையை அடைவதைச் ‘சவலை பாய்தல்’ என்று கூறும் வழக்கும் உண்டு. இன்றைய பேச்சில் இச்சொல் ‘நோஞ்சான்’ என்பதற்கு நிகராக, மெலிந்த எந்தக் குழந்தையையும் குறிக்கும் பொதுச்சொல்லாகச் சுருங்கி வருகிறது. இவ்வாறு பொதுமைப்படும்போது மெலிவு என்னும் விளைவு மட்டும் எஞ்சுகிறது. அடுத்த குழந்தை என்னும் காரணம் மறைந்துவிடுகிறது.

இச்சொல்லை யாப்பிலக்கணமும் ஏற்றுக்கொண்டுள்ளது. இரண்டாம் அடியில் தனிச்சொல் இன்றி, அவ்வடி முச்சீராய்க் குறைந்து, இரு குறள் வெண்பாக்களை அடுக்கி வைத்தாற்போல் வரும் நாலடி வெண்பா ‘சவலை வெண்பா’ எனப்படும். மூதுரையின் நான்காம் பாடல் இதற்கு உரிய எடுத்துக்காட்டாகக் காட்டப்படுவதுண்டு. முன்னிரண்டு அடிகளையும் பின்னிரண்டு அடிகளையும் பிணைக்கவேண்டிய தனிச்சொல் இல்லாமையே இங்குக் குறையாகக் கொள்ளப்பட்டது. பெறவேண்டியதைப் பெறாமல் மெலிந்தது என்னும் பொருளில் இல்லத்துச் சொல் ஒன்று இலக்கணக் கலைச்சொல்லாக உயர்ந்தது, அச்சொல் சமூகத்தில் பெற்றிருந்த பரவலை உணர்த்துகிறது.

சவலையின் உடலியல் அடிப்படை

சவலை என்னும் நிலை இளைய குழந்தை பிறந்த பின்னரே தொடங்குவதன்று. தாய் கருவுற்ற சில மாதங்களில் பால் சுரப்பு பொதுவாகக் குறைகிறது. கருக்காலத்தின் நடுப்பகுதியில் பாலின் தன்மையும் சுவையும் மாறிச் சீம்பாலின் இயல்பை நோக்கிச் செல்கின்றன. மூத்த குழந்தை தானாகவே பால்குடி மறப்பதும், மறக்காத குழந்தைக்கு வேப்பிலையை அரைத்துத் தடவி மறக்கச் செய்வதும் இக்காலத்தில் நிகழ்கின்றன. ஆகவே, தம்பியோ தங்கையோ முகம் காட்டுவதற்கு முன்பே மூத்த குழந்தையின் இழப்பு தொடங்கிவிடுகிறது.

பிறப்பிற்குப் பின் இழப்பு காலத்தைச் சார்ந்ததாக மாறுகிறது. பச்சிளங்குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் அருந்தும். ஒவ்வொரு முறையும் தாயின் மடியும் கைகளும் கண்களும் இளைய குழந்தைக்கு உரியனவாகின்றன. மூன்று வயதுக் குழந்தை தண்ணீர் கேட்பதும், கதை கேட்பதும், மறந்துபோன பாலை மீண்டும் கேட்பதும், கழிப்பறைப் பழக்கத்தில் பின்னடைவதும் பெரும்பாலும் இவ்வேளைகளை ஒட்டியே நிகழ்கின்றன. இவற்றைப் பிடிவாதம் என்று மட்டும் கொள்வது பொருந்தாது. தான் முன்பு இருந்த இடத்தை அக்குழந்தை தேடுகிறது என்று கொள்வதே பொருத்தமாகும்.

ஒப்புநோக்கத்தக்க ஆப்பிரிக்கச் சொல் ஒன்று உண்டு. இன்றைய கானாவாகிய அன்றைய கோல்டு கோஸ்ட்டில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், 1933-இல் குழந்தைகளிடம் காணப்பட்ட ஊட்டக்குறை நோய் ஒன்றை விவரித்தார். 1935-இல் அந்நோய்க்கு அப்பகுதியின் கா மொழியில் வழங்கிய ‘குவாஷியோர்கர்’ என்னும் பெயரையே மருத்துவ உலகிற்கு அறிமுகப்படுத்தினார். அடுத்த குழந்தை பிறந்ததால் இடம் இழந்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அப்பெயரின் பொருளாகும். குவாஷியோர்கரும் சவலையும் ஒன்றே எனக் கொள்ளலாகாது. முன்னதன் அடையாளம் உடல் வீக்கம். பின்னது சுட்டுவது உடல் மெலிவு. எனினும், ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு மொழிச் சமூகங்கள், குழந்தையின் நலிவை அதன் உடலில் மட்டும் காணாமல் குடும்பத்தில் அது பெற்ற இடத்திலும் கண்டு பெயரிட்டுள்ளமை கருதத்தக்கது.

பிள்ளைத்தமிழின் எல்லை

பிள்ளைத்தமிழ்ப் பருவங்களுக்குரிய மாதங்களைக் குறிப்பதில் பாட்டியல் நூல்களிடையே வேறுபாடுகள் உள்ளன. காப்பு முதலாகிய பத்துப் பருவங்களையும் மூன்றாம் மாதம் தொடங்கி இருபத்தோராம் மாதம் ஈறாக ஒற்றைப்பட்ட மாதங்களில் அமைக்கும் முறை பரவலாக அறியப்பட்டதாகும். தலையை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, கைகொட்டும் சப்பாணி, நடந்துவரும் வருகை என இப்பருவங்கள் குழந்தையின் வளர்ச்சிப் படிகளைக் கூர்ந்து நோக்கி அமைந்தவை. இம்முறைப்படி நூல் இரண்டாம் ஆண்டு நிறைவதற்குச் சற்று முன்னர் முடிவடைகிறது. பல இல்லங்களில் அடுத்த கரு உண்டாகும் காலமும், பால்குடி மறக்கும் காலமும் அதுவே. பிள்ளைத்தமிழ் விடைபெறும் இடத்தில் சவலை தொடங்குகிறது எனலாம்.

இதற்கு விலக்கான இடம் பெரியாழ்வாரின் தளர்நடைப் பகுதியில் உள்ளது. அங்கு மூத்தவனாகிய பலதேவன் முன்னே விரைந்து ஓட, இளையவனாகிய கண்ணன் அவனைப் பின்தொடர்ந்து தளர்நடையிடும் காட்சி அமைந்துள்ளது. ஓடத் தெரிந்த குழந்தையும் நடக்கத் தொடங்கிய குழந்தையும் ஒரே முற்றத்தில் இயங்கும் அரிய சித்திரம் இது. ஆயினும் பாடலின் பார்வை இளையவன் மீதே நிலைபெறுகிறது. மூத்தவன் அவனுக்கு முன்னோடியாக வந்து செல்கிறான்.

மூப்புப் பெயர்

இழப்பைச் சுட்டும் சொல்லைத் தந்த மொழியே ஈட்டத்தைச் சுட்டும் சொல்லையும் தந்துள்ளது. தமிழின் அன்றாட வழக்கில் உடன்பிறந்தாரை வயது வேறுபாடின்றி அழைக்கும் விளிப்பெயர் இல்லை. அண்ணன், அக்காள், தம்பி, தங்கை என்னும் நான்கும் மூப்பையும் இளமையையும் தம்முள் கொண்டவை. தமையன், தமக்கை என்பன தம் என்பதனோடு ஐயன், அக்கை என்பன சேர்ந்தமைந்தவை. எம்பி, உம்பி, தம்பி என்றும், எங்கை, உங்கை, தங்கை என்றும் பண்டைத் தமிழ் இளையோர் பெயர்களை மூவிடத்திற்கும் வகுத்திருந்தது. இவற்றுள் தம்பி, தங்கை என்பனவே பொதுப்பெயர்களாக இன்றளவும் நிலைத்துள்ளன.

இவ்வமைப்பின் விளைவாக, இளைய குழந்தை பிறக்கும் நாளிலேயே மூத்த குழந்தைக்குப் புதிய பெயர் ஒன்று பிறக்கிறது. பெற்றோரும் தாத்தா பாட்டியும் இளைய குழந்தையின் நிலையில் நின்று மூன்று வயதுச் சிறுமியை ‘அக்கா’ என்று அழைக்கத் தொடங்குகின்றனர். வயிற்றிலுள்ள குழந்தையைத் ‘தம்பிப் பாப்பா’, ‘தங்கச்சிப் பாப்பா’ என முன்கூட்டியே குறிப்பிடுவதும் இப்பயிற்சியின் பகுதியாகும். யார் அடித்து நீ அழுதாய் என்று வினவி மாமனையும் அத்தையையும் பாட்டியையும் வரிசைப்படுத்தும் தாலாட்டு, தொட்டிலில் கிடக்கும் குழந்தையை உறங்கச் செய்வதற்காகப் பாடப்படுவது. அதன் சொற்களைப் பொருளுணர்ந்து கேட்பது தொட்டிலருகே நிற்கும் மூத்த குழந்தையே. உறவுமுறையைக் கற்பிக்கும் பாடமாக அப்பாடல் அக்குழந்தைக்கு அமைகிறது.

இம்மூப்புப் பெயர் இருமுனை உடையது. இல்லத்தில் தனக்கென ஓர் இடமும் மதிப்பும் உண்டு என்னும் உறுதியை அது குழந்தைக்கு அளிக்கிறது. தொட்டிலை ஆட்டுதல், துணியை எடுத்துத் தருதல் போன்ற சிறு பணிகள் அப்பெயருக்கு உரிமையாகின்றன. மறுபுறம், ‘நீ பெரியவள், விட்டுக்கொடு’ என்னும் கட்டளையும் அப்பெயரின் வழியாகவே வருகிறது. மூன்று வயது என்பது பெரிய வயதன்று. ஒப்பீட்டால் கிடைத்த மூப்பை உண்மையான முதிர்ச்சியாகக் கருதும்போது, பாலில் தொடங்கிய சவலை கவனிப்பிலும் தொடர்கிறது. தாய் வேலைக்குச் செல்லும் ஏழைக் குடும்பங்களில் மூத்த பெண் குழந்தையே இளைய குழந்தையை இடுப்பில் சுமப்பவளாகிப் பள்ளியை இழந்த வரலாறும் இதனோடு இணைத்து எண்ணத்தக்கது.

இன்றைய பயன்பாடு

2 அக்டோபர் 1975-இல் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடி மையங்கள், ஆறு வயதிற்குட்பட்ட குழந்தைகளையும் கருவுற்ற, பாலூட்டும் தாய்மார்களையும் தம் எல்லைக்குள் கொண்டுள்ளன. தமிழ்நாட்டில் 1982 சூலை 1 அன்று தொடங்கிய சத்துணவுத் திட்டம் பள்ளிக் குழந்தைகளோடு, பள்ளிக்கு முந்தைய வயதினரையும் உள்ளடக்கியது. இரு குழந்தைகளையும் தாயையும் ஒருசேர அறியும் வாய்ப்பு அங்கன்வாடிப் பணியாளருக்கு உண்டு. தாய்ப்பாலை இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் தொடரவேண்டும் என்றும், ஒரு பிறப்பிற்குப் பின் அடுத்த கருவுறுதலுக்குக் குறைந்தது 24 மாத இடைவெளி வேண்டும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இவ்விரு பரிந்துரைகளும் சந்திக்கும் இடத்தைச் ‘சவலை’ என்னும் ஒரே சொல் தாய்மார்களுக்கு எளிதில் விளக்கவல்லது. எடை குறைந்த குழந்தை ஒன்றைக் காணும்போது ‘இதற்கு என்ன உணவு தருகிறீர்கள்’ என்னும் வினாவோடு, ‘இதற்கு அடுத்தது பிறந்துள்ளதா’ என்னும் வினாவையும் எழுப்புமாறு இச்சொல் நினைவூட்டுகிறது.

முடிவுரை

சவலை என்பது மெலிவைக் குறிக்கும் பொதுச்சொல்லாக மட்டும் சுருங்கத்தக்கதன்று. அடுத்த குழந்தையின் வரவால் மூத்த குழந்தை அடையும் இழப்பைக் காரணத்தோடு சுட்டுவது. பிள்ளைத்தமிழ் மரபு பெரும்பாலும் ஒற்றைக் குழந்தையை மையமாகக் கொண்டதால் விட்டுச்சென்ற இடத்தை இல்லத்துச் சொல்வழக்கு நிரப்பியுள்ளது. அம்மொழி இழப்பிற்குச் சவலை என்றும் ஈட்டத்திற்கு அக்கா, அண்ணன் என்றும் பெயரிட்டு, இரண்டையும் ஒரே குழந்தையிடம் வைத்தது. இரண்டாவது பெயரை நாள்தோறும் வழங்கும் இல்லங்கள் முதற்பெயரின் பொருளையும் நினைவில் கொள்ளுமாயின், மூத்த குழந்தையின் தட்டும் மடியும் கவனிக்கப்படும். தாலாட்டுத் தொகுப்புகளிலும் வட்டார வழக்கு அகராதிகளிலும் மூத்த குழந்தையைச் சுட்டும் சொற்களைத் தொகுப்பது இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.