உஷார்! ஃபார்வர்டு பண்ணும் முன் ஒரு நிமிஷம்

டீக்கடைச் சுவரில் 'இங்கு அரசியல் பேசாதீர்' என்று எழுதி வைத்திருப்பார்கள். யாரும் மல்லுக்கு நிற்பதில்லை, கடை கடைக்காரருடையது. அங்கே வாயை மூடிக்கொண்டிருந்த ஆள் செல்போனைக் கையில் எடுத்துவிட்டால் "என் கருத்து, எவன் கேட்பான்?" என்கிறார். கேட்பார்கள். சங்கரன்கோவில் மக்களே, உஷார்!

அரசியல் சாசனம் தரும் பேச்சுரிமை முதன்மையாக அரசாங்கத்தின் கையைத் தடுக்கத்தான். மண்டபக்காரர் கூட்டத்துக்கு இடம் தர மறுத்தால் அந்த உரிமையைக் காட்டிக் கதவைத் திறக்க வைப்பது கஷ்டம். ஃபேஸ்புக்கும் ஒருவருடைய இடம்தான். பதிவைத் தூக்கிவிட்டால் அவர்களின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி குறித்த கெடுவுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

அரசாங்கத்தின் கையாவது உடனே தடுக்கப்படுகிறதா? 2017 அக்டோபர் 23 அன்று, கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் நம் பக்கத்துக் காசிதர்மத்துக் குடும்பம் ஒன்று, இரண்டு பிஞ்சுக் குழந்தைகளோடு நெல்லை கலெக்டர் அலுவலகத்தில் தீக்குளித்தது. அந்த ஆத்திரத்தில் கார்ட்டூனிஸ்ட் பாலா முதலமைச்சர், கலெக்டர், போலீஸ் கமிஷனர் மூவரையும் வைத்து ஒரு கார்ட்டூன் வரைந்து ஃபேஸ்புக்கில் போட்டார். நவம்பர் 5ஆம் தேதி சென்னையில் கைதாகி நெல்லைக்குக் கொண்டுவரப்பட்டார். மறுநாளே ஜாமீன் கிடைத்தது. வழக்கை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ரத்து செய்தது 2021இல்! நியாயம் அவர் பக்கம் இருந்தும் மூன்றரை வருஷம்.

2018இல் தூத்துக்குடி வந்த விமானத்தில், அப்போதைய பாஜக மாநிலத் தலைவர் தமிழிசை முன்னால் கோஷம் போட்ட மாணவிக்கும் இதே கதிதான். அவர் மீதான வழக்கு ரத்தாக 2023 ஆனது.

இவர்களாவது சொந்தக் கருத்தைச் சொன்னவர்கள். எனக்குப் பயமே, "வந்ததை அப்படியே தள்ளிவிட்டேன், நான் எழுதலையே" என்கிறவர்களை நினைத்துத்தான். நடிகர் எஸ்.வி.சேகர் 2018இல் பகிர்ந்தது, பெண் பத்திரிகையாளர்களைக் கேவலப்படுத்தி வேறொருவர் எழுதியது. சில மணி நேரத்தில் நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். கண்ணுக்கு மருந்து போட்டிருந்ததால் படிக்க முடியவில்லை என்றும் உச்ச நீதிமன்றத்தில் வாதாடிப் பார்த்தார். எதுவும் எடுபடவில்லை. 2024இல் ஒரு மாதச் சிறை, 15,000 ரூபாய் அபராதம்; 2025இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பெரிய வக்கீல்களை வைக்க முடிந்தவருக்கே இந்த நிலை. விசைத்தறிக் கூலியில் வீடு நடத்துகிறவர் கோர்ட்டுக்கு அலைந்தால் அந்தக் குடும்பம் என்னாகும்?

இணையப் பதிவுகளுக்காக வழக்குப் போட உதவிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015இலேயே உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்துவிட்டதே என்பீர்கள். மற்ற பிரிவுகள் உயிரோடுதான் இருக்கின்றன. சாதி, மதப் பகையைத் தூண்டினாலோ, கலவரம் கிளப்பும் வதந்தியைப் பரப்பினாலோ மூன்று வருஷம் வரை சிறை. வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் போட்டதற்கு, உடந்தையாக இல்லாத அட்மின் பொறுப்பில்லை என்று மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொன்னது. போட்டவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆடித்தபசுக் கூட்டத்தில் ஏதோ நடந்துவிட்டதாக ஒரு ஆடியோ வந்தால், அனுப்பியவரிடம் "நீ பார்த்தியா?" என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் அதோடு நிற்கட்டும்.

ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால் பதறி எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஏழு வருஷம் வரை சிறைத் தண்டனை உள்ள குற்றங்களுக்குக் கைது அவசியமில்லை என்றால், எழுத்து மூலம் நோட்டீஸ் தரவேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பும் நோட்டீஸ் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. வக்கீல் வைக்க வசதியில்லையா? பெண்களும் பட்டியலின மக்களும் குறைந்த வருமானக்காரர்களும் சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்தால் இலவசமாக வக்கீல் கிடைப்பார்.