புள்ளலூர் தூணில் இல்லாத பெயர்கள்

தறிச் சத்தம் கேட்கும் ஐயம்பேட்டையிலிருந்து பைக்கில் கிளம்பினால் சீக்கிரமே புள்ளலூர் வந்துவிடும். அங்கே இரண்டு பழைய நினைவுத் தூண்கள் நிற்கின்றன.

1780 செப்டம்பர் 10. காஞ்சிபுரத்தில் இருந்த ஹெக்டர் மன்றோவின் படையோடு சேர வந்த கர்னல் பெய்லியை, ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் இங்கேதான் மடக்கினார்கள். பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின, அவர் சரணடைந்தார். மன்றோ தன் பெரிய பீரங்கிகளைக் காஞ்சிக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார்.

பெய்லியின் படையில் பெரும்பாலானோர் இந்தியச் சிப்பாய்கள். ஆனால் தூண்கள் நினைவுகூர்வது, மறு ஆண்டு அதே ஊரில் நடந்த போரில் இறந்த பிரவுன், ஹிஸ்லப் என்ற இரண்டு ஆங்கில அதிகாரிகளை!

அதே ஆண்டுகளில் அமெரிக்காவிலும் ஆங்கிலேயரோடு போர். அங்கே எல்லைப்புற விவசாயிகளும் ஊர்ப்படைகளில் சேர்ந்து துப்பாக்கி தூக்கினார்கள். 1832-ல் அவர்களுக்கும் பென்ஷன் தரச் சட்டம் வந்தது. எந்தப் படையில், யார் தலைமையில், எங்கே சண்டையிட்டோம் என்று அந்த முதியவர்கள் நீதிமன்றத்தில் சொன்னது இன்றும் ஆவணமாக இருக்கிறது.

புள்ளலூரில் தப்பிய சிப்பாய்களை உட்காரவைத்து அப்படிக் கதை கேட்க ஒரு சட்டம் வரவில்லை. உங்கள் வீட்டுத் தாத்தா ராணுவத்தில் இருந்தவரா? இன்றே கேட்டு, போனில் பதிவு செய்துவிடுங்கள்.