பழைய மோட்டார் வண்டியும் துருவும்

1948-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிப்போந்த மாரிஸ் மைனர் வண்டியை இன்று வாங்க விழைவார் அதன் வண்ணப் பொலிவில் மயங்கற்க என்போம். லாரிக்குள்ளது போன்ற தனிச் சேஸிஸ் இவ்வண்டிக்கு இல்லை. உடற்கூடே பாரம் தாங்குவது. ஆதலின் கதவுகளின் அடியில் நெடுக ஓடும் தகட்டுப் பெட்டி துருவேறி இற்றதாயின், வண்டியே வலியிழந்ததாம். அவ்விடத்தில் காந்தமொன்றை வைத்துப் பார்க்க. ஒட்டாவிடின், வண்ணத்தின் கீழிருப்பது இரும்பன்று, பட்டியே. (பட்டி பூசி விற்பாரின் கைத்திறன் வியக்கத்தக்கதே!) தரைவிரிப்பைத் தூக்கியும், பின் வில்பட்டைகள் பொருந்துமிடங்களைத் திருப்புளியால் அழுத்தியும் பார்த்தல் வேண்டும். எஞ்சின் புகைந்தால் செலவு மட்டுமே. முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ்த் திருகுமூட்டோ, கிரீஸின்றித் தேய்ந்திருப்பின், ஓட்டத்திலேயே கழன்று சக்கரம் சாய்ந்துவிடும். முன்புறத்தை ஜாக்கியால் உயர்த்தி, சக்கரத்தை மேலுங்கீழும் பற்றி அசைத்துப் பார்த்த பின்னரே விலை பேசுவோமாக.